முன்பனிக்காலத்துப் பாலை

தமிழ் இலக்கணம் வகுத்த ஐந்திணைகளுள் தனக்கென நிலம் பெறாதது பாலை ஒன்றே. குறிஞ்சிக்கு மலையும், முல்லைக்குக் காடும், மருதத்துக்கு வயலும், நெய்தலுக்குக் கடற்கரையும் பங்கிட்டுக் கொடுத்த தொல்காப்பியர், பாலைக்கு ஓரடி மண்ணும் ஒதுக்கினாரல்லர். காடும் மலையும் கோடை வெம்மையாற் கருகித் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை என்று பின்வந்த இளங்கோவடிகள் விளக்கம் தந்தார். அது பொருத்தமே. மெய்யான பாலைவனம் ஒன்றைத் தமிழன் தன் நாட்டிலே கண்டதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக உயர்தர வகுப்பு மாணவருக்குப் பாலைத்திணையைக் கற்பித்து வரும் நாமுங்கூடக் கண்டதில்லை. கரும்பலகையிலே ஒரு கள்ளிச்செடியை வரைந்து, அதன்மேல் ஒரு பருந்தை இருத்திவிட்டு, "இதுதான் பிள்ளைகளே, பாலை" என்று சொல்லி அப்பால் நகர்வதே எமது வழக்கமாயிருந்தது.

ஆயினும் பாலைக்குரிய காலத்தைப் பற்றித் தொல்காப்பியர் கூறும் ஒரு செய்தி எம்மை நெடுநாள் உறுத்தி வந்தது. வேனிலும் நண்பகலும் பாலைக்குரியன என்பது எவர்க்கும் விளங்கும். ஆனால் பின்பனிக் காலமும் அதற்குரியது என்று அவர் ஏன் சேர்த்துச் சொன்னார்? குளிருக்கும் பாலைக்கும் என்ன உறவு? உரையாசிரியர்கள் சொல்லும் விடைகளைப் படித்துத்தான் இருக்கிறோம். ஆனாற் குளிரால் விரல் விறைத்து, மூக்கு நுனி மரத்துப்போய், கூடாரத்தினுள் நான்கு பேர் ஒரு போர்வையை இழுத்துக்கொண்டு கிடந்த இரவிலேதான் அந்த உறவு எமக்குத் தசையிற் புரிந்தது. அது 2023ஆம் ஆண்டு மார்கழி, முன்பனிக் காலந்தான். இலக்கணத்துக்கு இரண்டு மாதம் முந்திவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் சென்ற இடம் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள மரணப் பள்ளத்தாக்கு. பெயரைக் கேட்டதும் எம் தாயார், "மோனை, வேறை இடமில்லையோ?" என்று கேட்டார். அவரைத் தேற்றுவது எளிதாயிருக்கவில்லை.

எம்மை அழைத்தவர்கள் பள்ளித்தோழர் மூவர். ஒருவர் கலிபோர்ணியாவிலே பொறியியலாளர். நிழற்படம் பிடிப்பதிலே பித்துக் கொண்டவர். மற்றவர் ரொறன்ரோவிலே கணக்காளர். மூன்றாமவர் ஒஸ்லோ நகரிலே பேருந்துச் சாரதி. நாம் நால்வரும் கடைசியாக ஒன்றாக நெடுந்தூரம் நடந்தது 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு, மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்த அந்த இரவைப் பற்றி வாசகர்களிற் பலருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அன்று எமக்குப் பதினாறு வயது. அதன் பின்னர் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் மூவரும் கடல் கடந்தனர். நாம் திரும்பி வந்து, படித்துப் பட்டம் பெற்று, படித்த மண்ணிலேயே படிப்பிக்கலானோம்.

இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் மீண்டும் நடப்போம் என்று அழைத்தார்கள். பயணச்சீட்டை ரொறன்ரோ நண்பர் அனுப்பியிருந்தார். அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு நோக்கமும் இருந்தது என்பதை எம் மனைவியார் எமக்கு முன்னரே உணர்ந்துகொண்டார். விமான நிலையத்துக்குப் புறப்படும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவையள் என்ன கேட்டாலும் உடனை மறுமொழி சொல்லிப்போடாதேங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ."

லொஸ் ஏஞ்சல்சிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். நகரம் தேய்ந்து சிற்றூராகி, சிற்றூர் தேய்ந்து வெட்டவெளியாகி, பின்னர் மலைத்தொடர் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றது பாதை. மாணவர் பொருட்டு இங்கே சிறிது நிற்பது தகும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளை ஒவ்வொன்றாக ஏறும்போது குளிர்ந்து மழையாகச் சொரிந்து விடுகின்றது. கடைசி மலையையும் தாண்டிப் பள்ளத்தாக்கினுள் இறங்கும்போது அதனிடம் நீர் மிஞ்சுவதில்லை. இறங்க இறங்க வெப்பமும் ஏறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே தன் மழையைக் கொட்டிவிட்டு, மட்டக்களப்புப் பக்கத்திலே வெறும் அனலாக, கச்சான் காற்றாக வீசுவதை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. விதி ஒன்றே; அளவுதான் வேறு. யாழ்ப்பாணத்திலே ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தும் தண்ணீர் போதவில்லை என்று முறையிடுகின்றோம். அங்கே பெய்வது ஏறத்தாழ ஐம்பது மில்லிமீற்றர்.

அத்தோடு அப்பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கின்றது. பாட்வோட்டர் என்னுமிடம் கடல்மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த நிலம். அதற்கு நேரெதிரே 3,366 மீற்றர் உயரமுள்ள தெலஸ்கோப் சிகரம் எழுந்து நிற்கின்றது. கீழே தங்கும் வெப்பம் வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுழல்கின்றது. 1913ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி பேர்னஸ் கிறீக் என்னுமிடத்தில் 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. உலகிலே பதிவான காற்று வெப்பநிலைகளுள் அதுவே உயர்ந்தது எனக் கொள்ளப்படுகின்றது. அப்பதிவை ஐயுறும் அறிஞரும் உளர். கோடையிலே அங்கு செல்வது அறிவீனம். மார்கழியிலோ பகல் வெப்பம் பதினெட்டுப் பாகையளவிலே நுவரெலியாவை நினைவூட்டும். இரவிலே நான்கு பாகைக்கு இறங்கிவிடும். ஒஸ்லோ நண்பர் மெல்லிய சட்டையோடு உலாவிக்கொண்டு, "இது குளிரோ?" என்று எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

டிசெம்பர் 24 இரவு கூடாரம் அடித்தோம். மறுநாட் பிற்பகல் டான்ரேயின் காட்சிமுனை எனப்படும் 1,669 மீற்றர் உயர மேட்டிலே நின்று பள்ளத்தாக்கு முழுவதையும் கண்டோம். நாம் எதிர்பார்த்தது வெண்ணிற உப்புத்தரை. கண்டதோ ஓர் ஏரி! வானத்தின் நீலத்தை அப்படியே வாங்கிக்கொண்டு, நீண்டு மெலிந்து, அசையாமற் கிடந்தது. பாலையைக் காண ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவர்க்குப் பாலை ஏரியைக் காட்டி வரவேற்றது.

அது ஏறத்தாழ நான்கு மாத வயதுடைய ஏரி. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி ஹிலரி என்னும் புயலின் எச்சம் அங்கே 56 மில்லிமீற்றர் மழையைக் கொட்டியது. ஓராண்டின் மழை ஒரே நாளில். வீதிகள் அறுந்தன, பூங்கா இரண்டு மாதமளவும் மூடப்பட்டுக் கிடந்தது. அந்த வெள்ளம் வெளியேற ஆறில்லை. அத்தாழ்நிலத்திலே தேங்கி நின்றது. பனியூழிக் காலத்திலே அதே இடத்தில் ஏறத்தாழ 180 மீற்றர் ஆழமான பேரேரி ஒன்று இருந்ததென்பர். அதற்கு மான்லி ஏரி எனப் பெயர். புதிதாகப் பிறந்த இச்சிறு ஏரியையும் மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

மான்லி யார் என்பதைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. 1849ஆம் ஆண்டு கலிபோர்ணியாவிலே தங்கம் எடுக்கலாம் என்று கேள்வியுற்றுக் கிழக்கிலிருந்து பல்லாயிரம் பேர் புறப்பட்டனர். அவர்களுள் ஒரு கூட்டத்தார் குறுக்குவழி என்று நம்பி, அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே, இப்பள்ளத்தாக்கினுள் வந்து சிக்கிக்கொண்டனர். குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்கள் மேற்கே நின்ற மலைச்சுவரைத் தாண்ட மாட்டாமல் நீரூற்றொன்றின் அருகே தங்கிவிட்டன. வில்லியம் லூயிஸ் மான்லி, ஜோன் றொஜர்ஸ் என்னும் இளைஞர் இருவர் உதவி தேடிக் கால்நடையாகப் புறப்பட்டனர். நானூறு கிலோமீற்றரளவு நடந்து, மக்கள் குடியிருப்பை அடைந்து, உணவு வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பினர். ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் அவர்கள் வந்து சேர்ந்தபோது அக்குடும்பங்கள் உயிரோடிருந்தன. அனைவரையும் அழைத்துக்கொண்டு வெளியேறினர். மலையுச்சியிலே நின்று திரும்பிப் பார்த்த ஒருவர், மரணப் பள்ளத்தாக்கே, போய்வருகிறோம் என்று சொன்னதாகவும், அதுவே பெயராகி நிலைத்ததாகவும் கூறுவர். மான்லி தம் அனுபவத்தை 1894இல் நூலாக எழுதினார்.

அந்தப் பெயரிலே ஓர் அநீதியும் உண்டு. வந்தவர்களுக்கு அது மரணத்தின் நிலம். அங்கே வழிவழி வாழ்ந்த திம்பிஷா ஷொஷோனி மக்களுக்கோ அது வீடு. குளிர்காலத்திலே பள்ளத்தாக்கில் வாழ்ந்து, கோடையிலே மலைக்கு ஏறி, மெஸ்கீற் மரத்தின் நெற்றுக்களை இடித்து மாவாக்கி உண்டு அவர்கள் வாழ்ந்து வந்தனர். மெஸ்கீற் எம் மன்னார்ப் பக்கத்தில் வேலியெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலின் உறவினம். 1933இல் அரசாங்கம் அந்நிலத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. 1994இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அம்மக்களுக்கு நிலத்தில் ஒரு பகுதியைச் சட்டப்படி மீட்டுக்கொடுத்தது 2000ஆம் ஆண்டிலேதான். தம் ஊரைப் பிறர் வேறு பெயரால் அழைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்பதை நாம் ஓரளவு அறிவோம்.

இனி, நிழற்படத்துக்கு வருவோம். பொறியியலாள நண்பர் கமராவோடு வந்தவரல்லர். ஒரு கமராக் கடையோடு வந்தவர். வில்லைகள் ஐந்து, முக்காலி இரண்டு, உதிரி மின்கலங்கள், தூசி துடைக்கும் தூரிகை, நெற்றியிற் கட்டும் விளக்கு என்று ஒரு மூட்டை. அம்மூட்டையைச் சுமக்கும் பேறு பெரும்பாலும் எமக்கே வாய்த்தது. ஆனாற் சுமந்ததற்குக் கூலி கிடைத்தது, பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

டிசெம்பர் 26ஆந் திகதி விடியுமுன் எம்மை மெஸ்கீற் பிளற் என்னும் மணற்குன்றுகளுக்கு அழைத்துச் சென்றார். கார் நிறுத்துமிடத்தருகே மணல் முழுவதும் முந்தியநாள் வந்தோரின் காலடிகள். "இஞ்சை படமில்லை. நட," என்றார். இருளிலே ஒரு மைல் அளவு நடந்தோம். உயரமான குன்று முப்பது மீற்றர்தான். எனினும் மணலில் ஏறுவது கடன் அடைப்பது போன்றது. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டிலே சிறுவயதில் ஏறி விளையாடிய நினைவு வந்தது. ஆனால் மணற்காட்டிலே கடலின் இரைச்சல் ஒருபோதும் ஓயாது. இங்கே ஓசை என்பதே இல்லை. எம் காதினுள் எம் இரத்தம் ஓடுவதைக் கேட்டோம்.

கிழக்கு வெளுத்தது. முதலில் மணல் முழுவதும் சாம்பல் நிறமாக, தட்டையாக, ஒரு கசங்கிய துணிபோற் கிடந்தது. நண்பர் முக்காலியை ஊன்றிவிட்டு ஒன்றும் செய்யாமல் நின்றார். நாம் கைபேசியாற் படம் எடுக்க முயன்றோம். "பொறு வாத்தியார், இன்னும் ஒண்டுமில்லை" என்றார். மலைவிளிம்பிலே கதிரவனின் ஒரு துளி தோன்றியதுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு கத்தி வந்து மணலைக் கீறியது போலாயிற்று. ஒவ்வொரு குன்றின் முதுகும் ஒளியும் இருளுமாக இரண்டாகப் பிளந்தது. காற்று வரைந்த சிற்றலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் முளைத்தது. அதுவரை இல்லாத ஆழமும் உயரமும் அந்த நொடியிலே பிறந்தன.

நண்பர் சொன்ன விளக்கம் எளியது. உச்சிவெயில் மேலிருந்து விழுவதால் நிழல் இல்லை; நிழல் இல்லாத இடத்தில் வடிவம் இல்லை. ஒளி பக்கத்திலிருந்து சாய்ந்து வரும்போதே நிலம் தன் உருவத்தைக் காட்டும். மார்கழியிலே கதிரவன் தென்வானத்திலே தாழ்ந்தே செல்வதால், அப்பக்கங்களிற் பகல் முழுவதுமே ஒளி ஓரளவு சாய்ந்திருக்கும். ஆகவே குளிர்காலமே அங்கு படம் பிடிப்போரின் அறுவடைக் காலம். அன்சல் அடம்ஸ் என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் 1940களில் இக்குன்றுகளிலே விடியலைக் காத்திருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒளியும் நிழலுமாக இரண்டே நிறத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவருக்கு முன்னரே, 1937இல் குகன்ஹைம் நிதிய உதவி பெற்ற முதல் நிழற்படக் கலைஞரான எட்வேட் வெஸ்ரனும் இங்கே வந்து படம் எடுத்தார். அக்காலத்தில் அவர்கள் தூக்கி நடந்த கமராக்களின் பாரத்தை எண்ணியதும் எம் முதுகின் முறைப்பாடு அடங்கிற்று.

இருபது நிமிடம். அதன் பின் ஒளி வெளிறத் தொடங்கியது. நண்பர் எடுத்தவை ஏழு படங்கள். நாம் கைபேசியில் எடுத்தவை நூற்றிநாற்பது. அவருடைய ஏழும் தேறின. எம்முடைய நூற்றிநாற்பதில் ஒஸ்லோ நண்பர் பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு சூரியனைப் பார்க்கும் படம் ஒன்று நன்றாக வந்திருக்கின்றது.

கல் தானே நகரும் வறண்ட ஏரி ஒன்றும் அப்பூங்காவில் உண்டு. பெருங்கற்கள் தமக்குப் பின்னே நீண்ட சுவடு விட்டு நகர்ந்திருப்பதன் காரணம் நெடுங்காலம் புதிராயிருந்தது. மெல்லிய பனிக்கட்டித் தகடுகள் இளங்காற்றில் மிதந்து அவற்றைத் தள்ளுகின்றன என்பதை ஆய்வாளர் நேரிற் கண்டு 2014இல் வெளியிட்டனர். கரடான பாதையில் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தமையால் நாம் அங்கே போகவில்லை.

அன்று முற்பகல் பொற்பள்ளம் என்று தமிழிற் சொல்லத்தக்க கோல்டன் கன்யனிலே நடந்தோம். மஞ்சட் களிமண் சுவர்கள் இருபுறமும் எழுந்து நிற்க, நடுவே வரண்ட ஓடைப் பாதை. ஒரு காலத்திலே இதனுள் தார்வீதி இருந்தது. 1976இல் வந்த வெள்ளம் அதைப் பெயர்த்து எறிந்துவிட்டது. தாரின் துண்டுகள் இன்னும் ஓரங்களிற் கிடக்கின்றன. மனிதர் மீண்டும் போடவில்லை, நல்லதே. மேலே ஏறினால் சப்ரிஸ்கி முனை. பழைய ஏரியொன்றின் அடிச்சேறு உறைந்து, உயர்ந்து, மழையால் அரிக்கப்பட்டு, மடித்து வைத்த பட்டுச்சேலைபோல மஞ்சளும் கபிலமுமாகக் கிடக்கின்றது. அம்முனைக்குப் பெயர் தந்தவர் வெண்காரக் கம்பனி ஒன்றின் அதிகாரி. தங்கம் தேடி வந்தவர்களுக்கு அங்கே தங்கம் கிடைக்கவில்லை. பின்வந்தோருக்கு வெண்காரம் கிடைத்தது. 1880களிலே இருபது விலங்குகள் பூட்டிய பெருவண்டிகளிலே 266 கிலோமீற்றர் இழுத்துச் சென்று இரயிலில் ஏற்றினர். உப்புத்தரையிலிருந்து அதைச் சுரண்டிக் குவித்தவர்கள் சீனக் கூலிகள். கடல் கடந்து பொருள் தேடிவந்த அவர்களிற் பெரும்பாலோரின் பெயரை எந்த முனைக்கும் எவரும் வைக்கவில்லை.

அந்த ஏற்றத்தின் நடுவே, ஒரு சுவரின் நிழலிலே அமர்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் ரொறன்ரோ நண்பர் தொடங்கினார்.

"மச்சான், ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. நீ இனியும் அங்கை இருந்து என்ன செய்யப்போறாய்?"

2022ஆம் ஆண்டை நாம் எவ்வாறு கடந்தோம் என்பதை அவர் அறிந்தே இருந்தார். எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா வரிசை. வாங்கும் சம்பளத்தின் பெறுமதி கண்முன்னே பாதியானது. அவ்வாண்டு அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கமே வழி திறந்துவிட்டது. எம்மோடு கற்பித்தோரிற் பலர் போய்விட்டனர். ஆசிரியர் ஓய்வறையிலே வெற்று நாற்காலிகளின் மேல் நாம் பயிற்சிக் கொப்பிகளை அடுக்கி வைக்கின்றோம். நண்பரின் திட்டம் வெறும் வாய்ப்பேச்சன்று. அவருடைய அலுவலகத்திலே ஓரிடம். பத்திரங்களைக் கவனிக்க ஒரு சட்டத்தரணி. தங்க அவர் வீட்டின் கீழ்த்தளம். மூத்தவள் உயர்தரம் முடித்ததும் பல்கலைக்கழகம். எல்லாவற்றையும் கணக்காளருக்குரிய ஒழுங்கோடு எண்ணி வைத்திருந்தார். "உன்ரை வயசுக்கு இதுதான் கடைசி பஸ்," என்றார். பேருந்துச் சாரதி நண்பர் அதற்குச் சிரிக்கவில்லை.

வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. அத்தொகையை நாமும் மனத்துள் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தோம். மகளின் முகம் வந்தது. ஒழுகும் அடுக்களைக் கூரை வந்தது. பொருள்வயிற் பிரிவு என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். தலைவன் நெஞ்சோடு வாதிடும் பாட்டுக்களை எவ்வளவு எளிதாக விளக்கிவிடுகின்றோம்! அந்த வாதத்தின் இரு பக்கமும் எவ்வளவு நியாயமானவை என்பதை இந்தச் சுவரின் நிழலிலேதான் அறிந்தோம். மனைவியார் சொல்லியிருந்தபடி, யோசித்துச் சொல்வதாகக் கூறி எழுந்தோம். மீதி ஏற்றத்தில் எவரும் பேசவில்லை.

அன்று மாலை மீண்டும் மணற்குன்றுகளுக்குச் சென்றோம். பௌர்ணமி. கதிரவன் மேற்கே விழுந்து, கிழக்கு மலைகள் ஊதாவாகிக் கருநீலமாகும் வேளை. ஐந்து மணிக்குச் சற்றுப் பின் மலைமுடியில் ஒரு வெண்சுடர் தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுமதி எழுந்து மணலின்மேல் நின்றது. அப்போது யாழ்ப்பாணத்திலே மறுநாட் காலை ஆறரை மணி; திருவாதிரை. பத்து நாளாக விடியற்காலையிலே ஒழுங்கைகளிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் சென்றவர்கள் அன்று கோயிலிலே கூடி நிற்பார்கள். எமது வாழ்நாளில் அவ்வொலி கேளாத முதல் திருவெம்பாவைக் காலம் அது. நண்பர்களிடம் அதைச் சொன்னோம். ஒஸ்லோ நண்பர், "எனக்கு இருபத்தாறு வருசம்" என்றார். பின்னர் அவரே மெல்லிய குரலிற் பாடத் தொடங்கினார். இரண்டாவது பாட்டிலே சொல் மறந்து நின்றார். நாம் எடுத்துக் கொடுத்தோம். பொறியியலாளர் மட்டும் கமராவின் பின்னாலேயே நின்றார். நிலவையும் மணலையும் ஒரே படத்தில் அடக்குவது கடினம். நிலவுக்கு ஏற்ற ஒளியளவு வைத்தால் மணல் கரியாகும், மணலுக்கு வைத்தால் நிலவு வெறும் வெள்ளைத் துளையாகும். இரண்டுக்கும் பொருந்துவது வானம் முற்றாக இருளுமுன் வரும் சில நிமிடங்களே. அவர் முகத்தைத் திருப்பாததற்கு அது மட்டுந்தான் காரணமோ என்பதை நாம் கேட்கவில்லை.

27ஆந் திகதி விடியலில் பாட்வோட்டருக்கு இறங்கினோம். உப்புத்தரையின் விளிம்பிலே பல்கோணக் கட்டங்கள். சிறுவயதிலே கண்ட ஆனையிறவு உப்பளப் பாத்திகளை யாரோ கோணலாக வரைந்தது போல. அதற்கப்பால் ஏரி. ஆழம் கணுக்கால் மட்டமே. காற்று இல்லை. பின்னால் நிற்கும் கரிய மலைகள் கிழக்கை மறைத்திருந்ததால் நாம் நின்ற இடம் இருளிலே இருந்தது. எதிரே முழுமதி பனமின்ற் மலைத்தொடரின் பின்னே இறங்கிற்று. பின்னர் தெலஸ்கோப் சிகரத்தின் நுனியில் மட்டும் ஒரு செம்மை பற்றியது. அச்செம்மை மெல்லமெல்ல மலையின் வழியே கீழே வழிந்தது. நீரிலே அதே மலை தலைகீழாக, மேல் நோக்கிச் சிவந்துகொண்டு வந்தது. இரண்டு மலைகளும் நடுவே ஒரு கோட்டிலே சந்திக்கும் வரை நண்பர் மூச்சுவிட்டாரோ என்பதே ஐயம். ஒரே ஒரு முறை கமரா சொடுக்கிற்று.

அப்படத்தின் பிரதி இப்போது எம் வகுப்பறையிலே தொங்குகின்றது. அவ்வேரி மீண்டும் வற்றிவிட்டது.

கூடாரத்தை மடித்து வண்டியில் ஏற்றிய பின்னர், ரொறன்ரோ நண்பரிடம் சொன்னோம். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது என்பதையும், அடுத்த உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் எடுக்கும் பன்னிரண்டு பிள்ளைகளைக் கையளிக்க ஆளில்லை என்பதையும் சொன்னோம். அவை இரண்டும் இல்லாவிட்டாலும் வரமாட்டோம் என்பதையும் சொன்னோம். அங்கேயே இருக்க எமக்கு விருப்பம். அதற்கு மேல் எம்மிடம் காரணமில்லை. மகள் தானாக வர விரும்பினால் அப்போது அவரிடமே அனுப்புவோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "செலவழுங்குதல்!" என்றார். நாம் திகைத்தோம். எம்மோடு ஒரே வாங்கிலே இருந்து தமிழ் படித்தவர் அல்லவா? பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் துயர் கண்டு செலவைத் தவிர்ப்பது செலவழுங்குதல். ஆனால் அது அடியோடு போகாமையன்று, அவளைத் தேற்றிய பின் போவதற்கான தாமதமே என்பதும் தொல்காப்பியத்திலே உண்டு. அதையும் அவர் மறக்கவில்லை. "அப்பிடியெண்டால் பிறகு வருவாய்தானே?" என்று கேட்டார்.

"இலக்கணத்திலை வழு அமைதியும் இருக்கு மச்சான்" என்றோம். சாரதி நண்பர், "அவனை விடு. அங்கையும் ஒராள் வேணும்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

மலை ஏறி, பள்ளத்தாக்குப் பின்னால் மறையும் இடத்தில், ரொறன்ரோ நண்பர் திடீரென்று தம் ஊர்க் கிணற்றைப் பற்றிக் கேட்டார். அவ்வீடு எம் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. யாரும் இல்லை, துலா விழுந்துவிட்டது, கிணற்றுக் கட்டிலே அரசு முளைத்திருக்கின்றது. இருந்ததை இருந்தபடி சொன்னோம். கிணற்றை இறைத்து எத்தனை வருடம் இருக்கும் என்றார். பன்னிரண்டாவது இருக்கும் என்றோம். இறைத்து வைக்க ஆள் பிடிக்க முடியுமா, என்ன செலவாகும் என்று விசாரித்துக் கைபேசியிலே குறித்துக்கொண்டார். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னார். வந்தார்.